தினசரி டேட்டா வேலைக்குப் பெட்டி இழுக்கும் கருவியா, சொந்தக் கோடா? எப்படி முடிவெடுப்பது

மலேசியாவின் தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத் தோட்ட அலுவலகங்களிலும் செம்பனை மில்களிலும் புதிதாக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி, “அண்ணே, என்8என்ல பெட்டிகளை இணைச்சு ஓட்டிடலாமா, இல்ல பைத்தான்ல எழுதி கிரான்ல போடணுமா?” என்8என் என்பது வேலையின் ஒவ்வொரு படியையும் திரையில் ஒரு பெட்டியாக இழுத்து வைத்து இணைக்கும் கருவி, பைத்தான் கோட் எழுதும் மொழி, கிரான் அந்தக் கோடைக் குறித்த நேரத்தில் ஓட்டிவிடும் ஏற்பாடு. கருவியின் பெயரிலிருந்து தொடங்கினால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. அந்த வேலை ஒரு நாள் நின்றுபோனால் யார் திறந்து பார்ப்பார், அவருக்கு என்ன தெரியும், அதிலிருந்து தொடங்குங்கள். அலுவலகத்தில் இருப்பது ஒரு கிராணி (எழுத்தர்) மட்டும், கணினி தெரிந்தவர் ஈப்போவிலிருந்து வர வேண்டும் என்றால், நீங்கள் எவ்வளவு அழகாகக் கோட் எழுதிக் கொடுத்தாலும் அது பழுதானால் யாருக்கும் திறக்கத் தெரியாமல் கிடக்கும்.

ஒரு சாதாரண வேலையை எடுத்துக்கொள்வோம். காலையில் எடைமேடையின் நேற்றைய டிக்கெட் கோப்பை எடுக்க வேண்டும், டிவிஷன் வாரியாகக் குலை எடையைக் கூட்ட வேண்டும், மேனேஜருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். இதில் முடிவெடுக்கும் இடம் ஒன்றோ இரண்டோதான். இதற்குப் பெட்டி இழுக்கும் கருவியே போதும், யோசிக்கவே வேண்டாம். என்8என்னில் ஓட்டம் எங்கே நின்றதோ அந்தப் பெட்டி சிவப்பாகத் தெரியும், அதைத் திறந்தால் உள்ளே போன டேட்டா என்ன, வெளியே வந்தது என்ன என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கோப்பில் லாரி எண் காலியாக இருந்ததால்தான் நின்றது என்பதைக் கிராணியே கண்டுபிடித்துவிடலாம். சொந்த சர்வரில் போட்டு அலுவலக வேலைக்குப் பயன்படுத்த இலவசம்தான். அவர்களுடைய கிளவுடில் ஓட்டினால் எத்தனை முறை ஓடுகிறது என்பதை வைத்துக் காசு, அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஓடும் வேலையை அங்கே வைக்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது செக்ரோல், அதாவது தொழிலாளர் கூலிக் கணக்கு, பக்கம் வாருங்கள். குலை வெட்டுக்கூலி மரத்தின் உயரத்தைப் பார்த்து மாறும், பொது விடுமுறை நாளில் வெட்டியதற்கு வேறு கணக்கு, உதிரிப்பழம் பொறுக்கியதற்குத் தனி விலை, அப்புறம் இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பிடித்தம், இரண்டுமே அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டியவை. இதைப் பெட்டிகளால் செய்தால் ‘இப்படியானால்’ பெட்டிக்குள் இன்னொரு ‘இப்படியானால்’ என்று திரை முழுக்க அம்புக்குறி ஓடும், மூன்று மாதம் கழித்து எந்த அம்பு எங்கே போகிறது என்று போட்டவருக்கே தெரியாது. கூலிக் கணக்கைக் கோடில் எழுதுங்கள். காரணம் வேகமல்ல, சோதனை. விடை தெரிந்த பத்துப் பன்னிரண்டு கணக்குகளை எழுதி வைத்து, விதி மாறும்போதெல்லாம் அவற்றை ஓட்டிப் பார்க்கலாம். ஒரு தொழிலாளியின் சம்பளம் குறைந்துபோன பிறகு பிழையைக் கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கோப்புகளில் எப்போது என்ன மாறியது என்று பதிந்து வைக்கும் கிட்டில் வைப்பதிலும் வித்தியாசம் உண்டு. பைத்தான் கோப்பில் விலை மாறினால் மாறிய அந்த ஒரு வரி மட்டும் பளிச்சென்று தெரியும். என்8என் தன் வேலைத்தொடரை ஜேசன் என்ற உரைக்கோப்பாகத்தான் வெளியே தரும், அதில் ஒவ்வொரு பெட்டியும் திரையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்திருக்கும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒரு பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தினாலே அதுவும் மாற்றமாகப் பதிவாகும், உண்மையான மாற்றம் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

நான் பரிந்துரைப்பது இரண்டையும் சேர்த்துத்தான். எப்போது ஓட வேண்டும், எதற்குப் பின் எது, முடிந்ததும் யாருக்குச் சொல்ல வேண்டும், இவை பெட்டியில் இருக்கட்டும். கணக்கு மட்டும் வெளியே ஒரு சின்னப் பைத்தான் சேவையாக இருக்கட்டும், பெட்டி அதை எச்டிடிபி வழியாக, அதாவது ஒரு வலை முகவரி மூலம், அழைக்கட்டும். ஆனால் பெட்டிக்குள்ளேயே இருநூறு வரி கோடை ஒட்டி வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் கிராணிக்கும் புரியாது, கோட் தெரிந்தவருக்கும் சோதிக்க வழி இருக்காது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் விடக்கூடாதது நேர மண்டலம். சொந்த சர்வரில் போட்ட என்8என் நீங்கள் மாற்றாதவரை நியூயார்க் நேரத்தில்தான் ஓடும், கோடைக்காலத்தில் அது நமக்குச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால், ஆகவே காலை ஆறுக்கு வைத்தது மாலை ஆறுக்கு ஓடும். பல வேலைகளை வரிசையாக ஓட்டும் ஏர்ஃப்லோ என்ற கருவியும் பெரும்பாலான கிளவுட் சர்வர்களும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், நாம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னே. ஒன்றாம் தேதி காலை 7.10க்கு எடைமேடை ஏறிய லாரி யூடிசியில் முந்தைய நாள் இரவு 11.10 என்று பதிவாகும், அதாவது அந்தக் குலை முழுவதும் போன மாதக் கணக்கில் போய் உட்காரும். கோலாலம்பூர் நேரத்தை வெளிப்படையாக எழுதி வையுங்கள்.

கிரானில் இன்னொன்று. 0 6 1 * 5 என்று (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசையில்) எழுதினால், ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தால் மட்டும் ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓடுவதோ எல்லா ஒன்றாம் தேதியும், எல்லா வெள்ளிக்கிழமையும். அதோடு கரண்ட் போய்க் கணினி அணைந்திருந்த நேரத்தில் தப்பிய ஓட்டத்தைக் கிரான் பிறகு ஈடுசெய்யாது. மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும் இடமென்றால் லினக்ஸில் உள்ள சிஸ்டம்டி டைமரில் ‘பெர்சிஸ்டென்ட்’ அமைப்பை இயக்கிவிடுங்கள், கணினி திரும்ப எழுந்ததும் விட்டதை ஓட்டிவிடும்.

திரும்ப ஓட்டலாம் என்றால், இரண்டு முறை ஓடினாலும் எடை இரட்டிப்பாகக் கூடாது இல்லையா? டிக்கெட் எண்ணைத் தனித்த சாவியாக வைத்து, ஏற்கெனவே இருந்தால் புதுப்பி, இல்லாவிட்டால் சேர் என்று எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இதை ஒரே கட்டளையில் செய்யலாம், என்8என்னின் போஸ்ட்கிரெஸ் பெட்டியிலும் அந்தத் தேர்வு இருக்கிறது. பிழை வந்தால் செய்தி அனுப்புவது மட்டும் போதாது, காலை ஏழுக்குள் ‘முடிந்தது’ என்ற தகவல் வராவிட்டாலும் யாருக்காவது செய்தி போக வேண்டும், ஏனென்றால் தொடங்கவே தொடங்காத வேலை பிழைச் செய்தி அனுப்பாது.

ஏர்ஃப்லோ பற்றியும் கேட்கிறார்கள். 2014இல் ஏர்பிஎன்பி நிறுவனத்துக்குள் உருவானது, நல்ல கருவி. ஒன்றையொன்று சார்ந்த பல வேலைகளுக்கும், பழைய மாதங்களைத் திரும்ப ஓட்டுவதற்கும் அதற்கு நிகர் குறைவு. ஆனால் அதற்கென்று ஒரு டேட்டாபேஸ், எப்போதும் ஓடும் ஷெட்யூலர், வெப் சர்வர் எல்லாம் பராமரிக்க வேண்டும். ஒரு மில்லின் நான்கைந்து வேலைகளுக்கு அது தேவையில்லை.

இன்னும் முடிவு வரவில்லையென்றால் ஒரே ஒரு சின்ன வேலையை இரண்டு விதமாகவும் செய்யுங்கள். பிறகு டிக்கெட் கோப்பின் ஒரு தலைப்பை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, அதைத் தினமும் பார்க்கப்போகிறவரை உட்காரவைத்து, எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எதில் அவர் தானாகக் கண்டுபிடிக்கிறாரோ அதையே வையுங்கள்.