ஒரு நாட்டைப் பத்தி அறிமுகம் எழுதறப்ப திரும்பத் திரும்ப வர்ற தப்புகள்

நாடுகளைப் பத்தின அறிமுகக் கட்டுரைகளை எடிட் பண்றதுதான் நம்ம பொழப்பு. மக்கள், அரசு, பொருளாதாரம், மொத்தமா ரெண்டு பக்கம். எழுதற ஆளுங்க மாறிக்கிட்டே இருக்காங்க, தப்பு மட்டும் மாறவே மாட்டேங்குது. கொடி கலர், பழைய பிரதமர் பேரு, எழுத்துப்பிழை இதெல்லாம் நீங்களே பாத்துப்பீங்க, அதை விட்டுடறேன்.

தனிநபர் ஜிடிபியை "சராசரி வருமானம்"னு எழுதறது

இதைப் பாத்தா எனக்கு இன்னிக்கும் சுர்ருன்னு ஏறும். அயர்லாந்து பத்தி ஒரு டிராஃப்ட் வந்துச்சு, முதல் பாராவுலயே "ஒரு சராசரி அயர்லாந்துக்காரர் வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல சம்பாதிக்கிறார்"னு இருந்தது. எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு கேட்டா தனிநபர் ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தியை ஜனத்தொகையால வகுத்தது) பட்டியலை நீட்டறாங்க. பட்டியல்ல தப்பில்ல, வாக்கியம்தான் தப்பு. இதே மாதிரி ஒண்ணு யார் கண்ணுலயும் படாம அச்சுக்கே போய், அந்தத் தாளை மட்டும் திரும்ப அடிச்சு ஒட்டின செலவு தனிக்கதை.

ஜிடிபிங்கறது அந்த நாட்டு எல்லைக்குள்ள நடந்த உற்பத்தியோட மதிப்பு, அவ்ளோதான், லாபம் யார் பாக்கெட்டுக்குப் போச்சுன்னு அது சொல்லாது. அயர்லாந்துல ரொம்ப வருஷமா கம்பெனி வரி 12.5 சதவீதமாத்தான் இருந்துச்சு, அதனால அமெரிக்க டெக் கம்பெனி, மருந்துக் கம்பெனி எல்லாம் அங்க கடை விரிச்சாங்க. காப்புரிமை மாதிரி கையில பிடிக்க முடியாத சொத்தை கணக்குப் புத்தகத்துல அந்தப் பக்கம் மாத்தினாலே போதும், புதுசா ஒரு செங்கல் கூட வைக்காம ஜிடிபி எகிறும். 2015-க்கு 26 சதவீத வளர்ச்சின்னு 2016-ல அறிவிச்சது இப்படித்தான். அந்த வருஷம் டப்ளின்ல பஸ் ஓட்டறவர் சம்பளமும் 26 சதவீதம் ஏறிச்சா என்ன? அமெரிக்கப் பொருளாதார நிபுணர் பால் க்ரூக்மன் இதை "லெப்ரகான் எகனாமிக்ஸ்"னு (லெப்ரகான்னா அயர்லாந்து கதைகள்ல தங்கம் பதுக்கற குட்டிப் பூதம்) ஓட்டினாரு. கடைசில அந்நாட்டு புள்ளியியல் அலுவலகமே 2017-ல ஜிஎன்ஐ ஸ்டார்னு (திருத்தின மொத்த தேசிய வருமானம்) வேற ஒரு அளவு கொண்டு வந்துச்சு. வெளிநாட்டுக்காரங்களுக்குப் போற லாபம், அந்தக் காப்புரிமைகளோட தேய்மானம், அங்கிருந்து வாடகைக்கு விடற விமானங்களோட தேய்மானம் இதெல்லாம் கழிச்சா, 2022 கணக்குப்படி ஜிடிபில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் மிஞ்சுது.

அப்ப என்ன எழுதறது? குடும்பங்கள் நிஜமா அனுபவிக்கிற நுகர்வைப் பாருங்க. அதுல அயர்லாந்து ஐரோப்பிய யூனியன் சராசரியை ஒட்டித்தான் நிக்குது. எண்ணெய் நாடுகள்ல இந்தத் தப்பு இன்னும் கொடுமை. ஈக்வடோரியல் கினி தனிநபர் ஜிடிபில ஆப்பிரிக்காவோட உச்சில இருந்த காலத்துலயும் பெரும்பாலான ஜனங்க வறுமையிலதான் கிடந்தாங்க. அதைப் போய் "பணக்கார மக்கள்"னு எழுதினா படிக்கறவன் நம்பிடுவான், அதான் கடுப்பு.

அதிபர்னு பேர் இருந்தா அவர்தான் ஆள்றார்னு நினைக்கிறது

ஜெர்மனில அதிபர் இருக்காரு, ஆட்சி சான்சலர் கையில. ஈரான்ல அதிபரை ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க, ஆனா அவருக்கு மேல உச்ச தலைவர்னு ஒரு பதவி இருக்கு. சுவிட்சர்லாந்துல ஏழு பேர் சேர்ந்து ஆள்றாங்க, அதிபர் பட்டம் வருஷா வருஷம் கை மாறும். பதவிப் பேரை விடுங்க, பட்ஜெட்டும் ராணுவமும் யார் கையிலன்னு பாருங்க.

தலைநகர் ஒண்ணே ஒண்ணுதான்னு எழுதறது

தென்னாப்பிரிக்காவுக்கு மூணு.

கடைசி சென்சஸ் எப்பன்னு பாக்காம ஜனத்தொகையை எழுதறது

லெபனான்ல கடைசியா அதிகாரபூர்வமா தலை எண்ணினது 1932-ல. ஏன்னா அங்க அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி, சபாநாயகர் ஷியான்னு பதவியே மதவாரியா பிரிச்சு வச்சிருக்கு, புதுசா எண்ணினா இந்தப் பங்கீடே ஆட்டம் காணும். அதனால லெபனான் மத விகிதம்னு நீங்க பாக்கற எல்லா நம்பரும் மதிப்பீடுதான், அப்படின்னே எழுதுங்க. பாயிண்ட் போட்டு 27.3 சதவீதம்னெல்லாம் எழுதாதீங்க ப்ளீஸ்.

"விவசாய நாடு"

ஜிடிபிலயா, வேலையிலயா? இந்தியாவுல விவசாயத்தோட பங்கு ஜிடிபில ஐந்துல ஒண்ணு கூட வராது, ஆனா வேலை பாக்கறவங்கள்ல பாதியை நெருங்குது. ஒண்ணை மட்டும் போட்டா பாதிப் படம்தான்.

பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் பக்கத்துல வைக்கறது

நைஜீரியா 2014 ஏப்ரல்ல ஜிடிபிக்கான அடிப்படை ஆண்டை (எந்த வருஷத்தை அளவுகோலா வச்சு கணக்குப் போடறாங்களோ அது) 1990-லேர்ந்து 2010-க்கு மாத்திச்சு. டெலிகாம், சினிமா இதெல்லாம் பழைய கணக்குல ஒழுங்கா வரவே இல்ல. ஒரே ராத்திரில 2013 ஜிடிபி சுமார் 89 சதவீதம் பெருசாகி, தென்னாப்பிரிக்காவைத் தாண்டிடுச்சு. இது தெரியாம "2012-லேர்ந்து 2013-க்குள்ள பொருளாதாரம் ரெண்டு மடங்கு ஆச்சு"ன்னு எழுதின டிராஃப்ட் ஒண்ணு இப்பவும் என் மெயில்ல கிடக்கு.