அவுட்பேஷன்ட் சார்ட்டை நான் படிக்கும் வரிசை

மெடிக்கல் கோடிங் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் பில்லுக்கான கோடு எண்களைப் போடுவதுதான் இந்த வேலை. இருமலும் காய்ச்சலுமாக எமர்ஜென்சிக்கு வந்த ஒருவரின் சார்ட் என் கையில். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள், ஆன்டிபயாட்டிக் எழுதி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நோட்டின் கடைசியில் டாக்டர் ‘பிராபபிள் நிமோனியா’, அதாவது நிமோனியாவாக இருக்கலாம், என்று முடித்திருந்தார். நான் சந்தோஷமாக நிமோனியாவுக்கான ஜே18.9 போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் ஆடிட்டர் மேடம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஏம்மா, டாக்டரே இன்னும் முடிவு பண்ணலை. நீ எப்படிப் பண்ணின?”

புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பிராபபிள், சஸ்பெக்டட், ரூல் அவுட், கன்சிஸ்டன்ட் வித் இப்படி எந்தச் சொல் ஒட்டியிருந்தாலும் அவுட்பேஷன்ட்டில் (மருத்துவமனையில் சேர்க்காத நோயாளிகளுக்கு) அந்த நோய்க்குக் கோடு கிடையாது. அறிகுறியைப் போட வேண்டும்: இருமலுக்கு ஆர்05.9, காய்ச்சலுக்கு ஆர்50.9. நோய்க் கோடுகளுக்கான ஐசிடி-10-சிஎம் கைடுலைனின் நான்காம் பிரிவு முழுக்க அவுட்பேஷன்ட்டுக்கானது. இந்த விதி அங்கே இருக்கிறது. இன்பேஷன்ட்டில் இது தலைகீழ். டிஸ்சார்ஜ் ஆகும்போது ‘பிராபபிள்’ என்று எழுதியிருந்தால், இருப்பதாகவே எடுத்துக்கொண்டு கோடு போடுவார்கள். இன்பேஷன்ட்டில் பழகிவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் முதல் மாதம் தடுக்கி விழுவது இங்கேதான். அதே எக்ஸ்ரேயின் பில்லுக்கு நீங்களே கோடர் என்றால், ரேடியாலஜிஸ்ட்டின் இறுதி ரிப்போர்ட் கைக்கு வந்து, அதில் நிமோனியா என்று உறுதியாக இருந்தால் தாராளமாகப் போடலாம்.

சரி, வரிசைக்கு வருவோம். சார்ட்டைத் திறந்ததும் நான் நோயைப் பார்ப்பதில்லை. சிகிச்சை நடந்த தேதி, வயது, பாலினம், டாக்டரின் கையெழுத்து, இந்த நான்கும் முதலில். கையெழுத்து இல்லாத நோட்டைத் தொடவே மாட்டேன். தேதி ஏன் என்றால், நீங்கள் கோடு போடும் நாள் இல்லை, நோயாளி வந்த நாள்தான் எந்த வருடப் புத்தகம் என்று தீர்மானிக்கும். ஐசிடி புதுப்பட்டியல் அக்டோபர் 1-இல் வரும், ஏப்ரலிலும் கொஞ்சம் மாறும். விசிட், செய்முறைகளுக்கான சிபிடி ஜனவரி 1. மருந்து, பொருள் போன்றவற்றுக்கான ஹிக்பிக்ஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 2021 செப்டம்பர் வரை இருமலுக்கு ஆர்05 என்று மொட்டையாகப் போட்டோம். அக்டோபர் 1 முதல் அது ஆர்05.1, ஆர்05.2 என்று உடைந்துவிட்டது. அந்த அக்டோபரில் செப்டம்பர் சார்ட்டுகளும் கலந்து வந்துகொண்டிருந்தன. தேதியைப் பார்க்காமல் போட்டவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி.

அடுத்து, யாருக்காகக் கோடு போடுகிறேன்? டாக்டருக்கா, மருத்துவமனைக்கா? ஒரே விசிட்டுக்கு இரண்டு பில் போகலாம். டாக்டருடையது சிஎம்எஸ்-1500 படிவத்தில், மருத்துவமனையுடையது யூபி-04-இல். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், மருத்துவமனை அவுட்பேஷன்ட்டுக்கு 2000 ஆகஸ்டிலிருந்து ஏபிசி முறையில், அதாவது ஒத்த சேவைகளைத் தொகுத்து விலை வைத்து, பணம் தருகிறது. மருத்துவமனைக் கிளினிக் விசிட் எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் மெடிகேருக்கு மருத்துவமனை போடுவது ஜி0463 ஒன்றுதான். இன்பேஷன்ட்டுக்கான பிசிஎஸ் புத்தகத்தை இங்கே திறக்கவே வேண்டாம். அவுட்பேஷன்ட்டில் செய்முறைகளுக்கு சிபிடியும் ஹிக்பிக்ஸும்தான்.

அப்புறம்தான் நோட்டுக்குள் போவேன், அதுவும் கடைசியிலிருந்து. அசெஸ்மென்ட் அண்ட் பிளானை (டாக்டரின் முடிவும் சிகிச்சைத் திட்டமும்) முதலில் படித்துவிட்டு மேலே ஏறுவேன். மேலிருந்து படித்தால் பழைய நோட்டிலிருந்து ஒட்டிய பத்திகளிலேயே பாதி நேரம் போய்விடும். ‘பிராப்ளம் லிஸ்ட்’ என்று இருபது நோய் வரிசையாக நிற்கும். இன்றைக்கு டாக்டர் அதில் எதைப் பார்த்தார், எதற்கு மருந்து கொடுத்தார், எது இன்றைய சிகிச்சையைப் பாதித்தது என்பதுதான் கேள்வி.

விசிட்டுக்கு எந்தப் படிக் கோடு என்று சொல்லும் ஈ அண்ட் எம் லெவல்தான் எல்லாரையும் பயமுறுத்துவது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். 2021-க்கு முன்னால் ஹிஸ்டரியில் எத்தனை கேள்வி, எக்ஸாமில் எத்தனை உறுப்பு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். இப்போது ஆபீஸ் விசிட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை. எம்டிஎம் (டாக்டர் எடுத்த முடிவு எவ்வளவு சிக்கலானது என்பது) அல்லது மொத்த நேரம், இரண்டில் ஒன்று. எம்டிஎம்மில் மூன்று தூண்: பிரச்சினை, டேட்டா (பார்த்த பரிசோதனைகள், ரிப்போர்ட்டுகள்), ரிஸ்க். மூன்றில் இரண்டு ஒரு லெவலைத் தொட்டால் அந்த லெவல்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள பழைய நோயாளி. இரண்டும் கட்டுக்குள், மாத்திரைகளை டாக்டர் பரிசீலித்துத் தொடரச் சொல்லியிருக்கிறார். நிலையாக உள்ள நாள்பட்ட நோய் இரண்டு, அது மாடரேட். மருந்தை மேலாண்மை செய்தது ரிஸ்க்கில் மாடரேட். ஆக விசிட் கோடு 99214. இதே நோயாளிக்கு ரத்த அழுத்தம் மட்டும் என்றால் பிரச்சினை லோவுக்கு இறங்கும். டேட்டாவும் இல்லை என்றால் 99213. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘ஸ்டேபிள்’ என்றால் மாறாமல் இருப்பது என்று அர்த்தம் இல்லை. டாக்டர் அந்த நோயாளிக்கு வைத்த இலக்கை எட்டியிருக்க வேண்டும். ஆறு மாதமாக ஒரே மாதிரி உயர்ந்தே நிற்கும் ரத்த அழுத்தம் ஸ்டேபிள் இல்லை. அப்போது அந்த ஒரு நோயே மாடரேட் ஆகும். ஆனால் இலக்கை எட்டவில்லை என்பது நோட்டில் தெரிய வேண்டும். வைட்டல்ஸில் எண்ணைப் பார்த்துவிட்டு நீங்களாக முடிவுக்கு வந்தால், மேடம் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருவார்.

நேரத்தை வைத்துப் போடுவதானால் 99213-க்குக் குறைந்தது 20 நிமிடம், 99214-க்கு 30, 99215-க்கு 40. அன்றைய தேதியில் டாக்டர் செலவழித்தது மட்டும். நர்ஸின் நேரம் சேராது. எமர்ஜென்சி கோடுகளான 99281 முதல் 99285 வரைக்கு நேரக் கணக்கே கிடையாது. புது நோயாளியா பழையவரா என்பதற்கு மூன்று வருட விதி: அதே குழுவில் அதே ஸ்பெஷாலிட்டி டாக்டர் யாராவது அதற்குள் நேரில் பார்த்திருந்தால் பழையவர்தான்.

ஊகிக்காதே என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னேன்? ஒரு இடத்தில் ஊகிக்கலாம், ஏனென்றால் ஊகிப்பது நீங்கள் இல்லை, புத்தகம். டைப் 2 சர்க்கரையும் நாள்பட்ட சிறுநீரக நோயும் ஒரே நோட்டில் இருந்தால், டாக்டர் இரண்டையும் இணைத்து எழுதாவிட்டாலும் இ11.22 போட்டு, கூடவே என்18-இல் எந்தக் கட்டமோ அதைப் போட வேண்டும். இன்டெக்ஸில் ‘வித்’ என்ற சொல்லுக்குக் கீழே வருவதெல்லாம் இந்தக் கணக்கு. ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் அப்படியே: ரத்த அழுத்தத்துக்கு மட்டுமான ஐ10 போடக் கூடாது, சிறுநீரக நோய் 1 முதல் 4 வரையிலான கட்டம் என்றால் ஐ12.9. ‘இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்று டாக்டர் எழுதியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

காயங்களுக்கான கோடில் ஏழாவது எழுத்து ஒன்று வரும். ‘ஏ’ என்றால் முதல் விசிட் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை, காயத்துக்கான ஆக்டிவ் ட்ரீட்மென்ட், அதாவது நேரடிச் சிகிச்சை, நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எமர்ஜென்சியில் பார்த்த எலும்பு முறிவை மறுநாள் எலும்பு டாக்டர் புதிதாகப் பார்த்து சிகிச்சையைத் தொடங்கினாலும் ‘ஏ’தான். ஆறிவரும்போது ‘டி’.

மாடிஃபையருக்கு, அதாவது கோடோடு ஒட்டும் கூடுதல் குறிக்கு, வருகிறேன். முதலில் 25. முட்டிக்கு ஊசி போட முன்பே தேதி கொடுத்து வரவழைத்திருக்கிறார்கள். வந்தார், போட்டார்கள், போனார். ஊசி போட்டதற்கான 20610 மட்டும். விசிட் கோடு கிடையாது. அதே நாள் கட்டுக்கு அடங்காத ரத்த அழுத்தத்தையும் டாக்டர் தனியாகப் பார்த்து மருந்து மாற்றியிருந்தால் விசிட் கோடோடு 25. நான் செய்யும் சோதனை இது: நோட்டில் ஊசி சம்பந்தப்பட்ட வரிகளை எல்லாம் கையால் மறைத்துவிட்டுப் படிப்பேன். மிச்சம் ஒரு விசிட்டாக நிற்கிறதா? நின்றால் 25. ஊசி மருந்தின் யூனிட்டையும் விடாதீர்கள். ஜே3301 என்ற ஸ்டீராய்டு மருந்துக் கோடு 10 மில்லிகிராமுக்கு ஒரு யூனிட். 40 போட்டால் நான்கு. ஒன்று என்று போட்டு முக்கால்வாசிப் பணத்தை விட்ட சார்ட்டுகளை எண்ணி மாளாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குப்பியில் மிச்சத்தைக் கொட்டியிருந்தால் ஜேடபிள்யூ மாடிஃபையர். எதுவும் வீணாகவில்லை என்றால் ஜேஇசட், மெடிகேருக்கு 2023 ஜூலையிலிருந்து கட்டாயம்.

டிரிப்ஸ் ஏற்றிய சார்ட் என்றால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். தொடங்கிய நேரம் இருக்கும், முடித்த நேரம் இருக்காது. 15 நிமிடமோ அதற்குக் குறைவோ ஓடிய மருந்து இன்ஃபியூஷன் ஆகாது, புஷ்தான் (நரம்பில் நேராகச் செலுத்தும் ஊசி). மருந்தில்லாத வெறும் ஹைட்ரேஷன் (நீர் ஏற்றுவது) என்றால் குறைந்தது 31 நிமிடம் ஓடியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஏற்றியிருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதவில்லையே.

இரண்டு செய்முறையும் தனித்தனி என்று சொல்லும் மாடிஃபையர் 59 பற்றி ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இரண்டு கோடுகளைச் சேர்த்துப் போட விடாத என்சிசிஐ எடிட் இடித்தால் 59 போட்டால் போய்விடும் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். சாஃப்ட்வேரில் சிவப்பு மறையும், வேலை முடிந்தது போல இருக்கும். கொலனோஸ்கோப்பியில் (பெருங்குடலை உள்ளே பார்க்கும் பரிசோதனை) ஒரு பாலிப்பை, அதாவது குடல் சுவரில் வளர்ந்த சிறு சதையை, ஸ்நேரால் (கம்பிச் சுருக்கால்) எடுத்தால் 45385. வேறொரு இடத்தில் பயாப்ஸி எடுத்தால் 45380-59. ஒரே பாலிப்பில் முதலில் பயாப்ஸி, பிறகு ஸ்நேர் என்றால் 45385 மட்டும். ஆகவே செய்முறை நோட்டில் எந்த பாலிப், எந்த இடம், எந்தக் கருவி என்று மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு பிறகு கோடுக்குப் போங்கள். அது ஸ்கிரீனிங்காக (அறிகுறி இல்லாமல் முன்னெச்சரிக்கையாக) தொடங்கியிருந்தால் பாலிப் கிடைத்தாலும் முதல் டயக்னோசிஸ் இசட்12.11-ஆகவே இருக்கும், மெடிகேருக்கு பிடி மாடிஃபையர், மற்ற இன்சூரன்ஸ்களுக்குப் பெரும்பாலும் 33. இதை விட்டால் நோயாளி வீட்டுக்குக் கட்ட வேண்டியதைவிடக் கூடுதலாகப் பில் போகும்.

சர்டிஃபிகேட் பற்றிக் கேட்பார்கள். டாக்டர் பக்கம் என்றால் கோடர்களுக்கான அமைப்பான ஏஏபிசியின் சிபிசி: 100 கேள்வி, நான்கு மணி நேரம், 70 சதவீதம் பாஸ், கோடு புத்தகங்களைப் பார்த்து எழுதலாம். அனுபவம் இல்லாமல் பாஸ் செய்தால் பெயருக்குப் பின்னால் ‘ஏ’ ஒட்டிக்கொண்டிருக்கும். மருத்துவமனை அவுட்பேஷன்ட்டுக்கு சிஓசி. புத்தகத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், அடைப்புக்குறிக்குள் இருக்கும் சிறு குறிப்புகளைப் படித்துப் பழகுங்கள். விடை பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும்.

கடைசியாகக் குவெரி. நோட்டில் தெளிவில்லை என்றால் டாக்டரைக் கேட்கலாம், ஆனால் ‘இது நிமோனியாதானே?’ என்று கேட்கக் கூடாது. நோட்டில் உள்ள அறிகுறி, எக்ஸ்ரே, மருந்து இவற்றை அப்படியே எடுத்து வைத்து, ‘இவற்றின் அடிப்படையில் எந்த நோய்க்குச் சிகிச்சை அளித்தீர்கள், அல்லது இப்போது சொல்ல முடியவில்லையா?’ என்று கேளுங்கள். பதில் வரும் வரை சார்ட் ஹோல்டில் கிடக்கட்டும். அன்றைய எண்ணிக்கையில் ஒன்று குறையும், அவ்வளவுதான்.