மே மாதத்தில் அந்த வீடு எவ்வளவு? சென்னையில் வாடகை வீடு பிடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையில் நிறையப் பேர் காலை பத்து மணிக்குள் வீடு பார்த்து முடித்துவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம் என்ற நினைப்பு. நானும் ஒரு டிசம்பர் ஞாயிறு காலையில் வேளச்சேரிப் பக்கம் மூன்றாவது மாடி வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு அங்கேயே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே, இரண்டு படுக்கையறை. இரண்டாவது மாடியில் இருந்த அதே அளவு வீட்டைவிட வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு. "மேல யாரும் இல்ல சார், காத்து பிச்சுக்கிட்டு வரும்" என்றார் புரோக்கர்.

காற்று வந்தது உண்மைதான். ஆனால் ஏப்ரல் பிறந்ததும் மேற்குப் பார்த்த படுக்கையறைச் சுவரில் இரவு ஒன்பது மணிக்குக் கை வைத்தால், அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. கான்கிரீட் கூரையும் சுவரும் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகிற நேரத்தில் வீட்டுக்குள் விடுகின்றன. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும்.

அதனால் வீட்டை மாலை நாலு, ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். மேல் தள வீடு என்றால் மொட்டை மாடிக்கும் ஒரு நடை ஏறி, வெயில் சூட்டைத் தடுக்கும் தட்டு ஓடு பதித்திருக்கிறார்களா, வெள்ளைப் பூச்சாவது அடித்திருக்கிறார்களா, இல்லை வெறும் சிமென்ட் தளமா என்று பார்க்கலாம். இந்த ஊரில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தால் லாபம். ஜன்னலை மறித்துப் பக்கத்துக் கட்டடம் நின்றால் புரோக்கர் சொல்லும் காற்று அவர் வாயோடு சரி.

அந்த ஆயிரம் ரூபாய் மிச்சம் எங்கே போனது என்று பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒன்றரை டன் பழைய ஏசியின் கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால் மணிக்கு ஒன்றரை யூனிட்டை ஒட்டி இழுக்கும். இரவு எட்டு மணி நேரத்துக்கு 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720. அறை சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் பாதி நேரம் ஓய்ந்தால் 360 போதும். மற்ற செலவு 250 யூனிட் என்று வையுங்கள். சூடான வீட்டுக்கு 970, சுமாரான வீட்டுக்கு 610.

2022 செப்டம்பரில் மின்வாரியம் மாற்றிய கட்டணப்படி 610 யூனிட்டுக்கு 2,840 ரூபாய், 970 யூனிட்டுக்கு 6,250 ரூபாய். மாதத்துக்கு 1,700 ரூபாய் வித்தியாசம். வெயில் காலம் ஆறு மாதம் என்றால் 10,200. வாடகையில் வருஷத்துக்கு மிச்சமான 12,000-ல் பெரும்பகுதி போயாச்சு. பிள்ளைகள் அறைக்கு இன்னொரு ஏசி வாங்கிய அன்று மீதியும் போனது. இப்போதைய கட்டணம் இதைவிடக் கூடுதல்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று 500 என்ற கோடு. அந்த 2022 கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் 101-லிருந்து 200 வரைக்குமான சலுகை விலையும் கையை விட்டுப் போனது. 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! வீடு பேசும்போதே மின் இணைப்பு எண்ணைக் கேட்டு, போன மே, ஜூன் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

தனி மீட்டர் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்தே சப்-மீட்டர் வைத்து "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று வாங்கும் வீடுகளில் உங்களுக்கு இலவச யூனிட்டும் கிடையாது, குறைந்த விலைப் படிகளும் கிடையாது. ஏசி போடுகிற குடும்பத்துக்கு அந்த வீடு ஆகாது என்பது என் கட்சி.

ஏசியைக் கழற்றி மாட்டுவது, காப்பர் பைப், கேஸ், ஸ்டெபிலைசர், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, கொசுவலை, திரை. குடி போகும் மாதத்தில் இவை எல்லாம் சேர்ந்து வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தானே என்று அதைச் செலவில் சேர்க்காமல் விடுவதும் தவறு. இரண்டு லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருஷத்துக்கு 14,000 வந்திருக்கும். ஆக வாடகையோடு மாதம் சுமார் 1,170 ரூபாயைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவும் சொல்கிறது. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது ஆகியவற்றை வீட்டுக்காரர் பொறுப்பிலும், குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர் ரிப்பேர் போன்றவற்றை நம் பொறுப்பிலும் வைக்கிறது. ஆனாலும் இதிலும் வேறு உடன்பாடு செய்துகொள்ளலாம் என்பதால், "பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவோம்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் சட்டத்தைக் காட்டிப் பேச முடியாது. அந்த வரியைக் கையெழுத்துக்கு முன்னால் அடித்து நீக்கச் சொல்லுங்கள். என்னிடம் பிடித்தார்கள். கையெழுத்துப் போட்டவன் நான்தான், யாரைக் குறை சொல்ல?

கடைசியாகத் தண்ணீர். மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று கேட்டால் 2,500 என்பார்கள். அது எந்த மாதத்துக் கணக்கு? மழைக்காலத்தில் போர்வெல் நிறையத் தண்ணீர் இருக்கும்போது சொல்வதா, சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டிக்கு) நாளுக்கொரு லாரி வரும் மே மாதத்தில் சொல்வதா? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. லாரிச் செலவு மெயின்டனன்ஸுக்குள் அடக்கமா, தனியாகப் பங்கு போடுவார்களா என்பதை அசோசியேஷன் ஆளிடமே கேட்டுவிடுங்கள். குழாயைத் திறந்து ஒரு வாய் ருசித்துப் பாருங்கள். உப்பு என்றால் சமையலுக்கும் கேன் வாங்க வேண்டும், கீசர் காயிலும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான பொது மீட்டரில் இலவச யூனிட் கிடையாது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது முறை வீடு பார்த்தபோது புரோக்கரைக் கீழே நிற்க வைத்துவிட்டு எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். "மே மாசம் தண்ணி எப்படிக்கா?"

"லாரி வந்துரும் தம்பி. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வரும். வாட்ச்மேன் இல்ல, யாராச்சும் எழுந்து போய் கேட்டைத் திறக்கணும்."

அந்த வீட்டுக்குத்தான் குடி வந்தோம். இரண்டாவது மாடி, கிழக்கு ஜன்னல். கேட்டுச் சாவி இப்போது எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.