முதியவருக்கு மனநோய் மருந்து தொடங்கும்போது வீட்டார் கவனிக்க வேண்டியவை

ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் மூளையில் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகளை, குறிப்பாக டி2 வகையை, அடைத்து வேலை செய்கின்றன. நடுத்தர வயதினருக்கு இவற்றில் சுமார் 65 விழுக்காடு அடைபடும்போது பிரமைகள் தணியத் தொடங்கும். 80 விழுக்காட்டை நெருங்கும்போது கைநடுக்கமும் உடல் விறைப்பும் தலைகாட்டும். வயது ஏற ஏற டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்களும் அதன் ஏற்பிகளும் குறைந்துகொண்டே போவதாலும், சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தை மெதுவாகவே வெளியேற்றுவதாலும், முதியவர்களிடம் அந்த விறைப்பு 60 விழுக்காட்டு அளவிலேயே தோன்றிவிடக்கூடும். ஆகவேதான் மனச்சிதைவு நோயுள்ள இளையவருக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 2 மி.கி.யில் தொடங்கும் ரிஸ்பெரிடோன், முதியவருக்கு 0.25 அல்லது 0.5 மி.கி. மாத்திரையாகத் தொடங்கப்படுகிறது.

மருந்து தொடங்கும் முன்பே, அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து திரும்பி வருவதைக் கைபேசியில் படம்பிடித்து வையுங்கள். முதல் சில வாரங்களில் அதே நடையை மீண்டும் எடுத்து ஒப்பிட்டால், கை வீசாமல் நடப்பதும், திரும்புவதற்குப் பல சிற்றடிகள் வைப்பதும் கண்ணில் படும். சட்டைப் பொத்தானைப் போட அதிக நேரம் பிடிக்கிறதா, குரல் தணிந்துவிட்டதா, வாயில் எச்சில் ஒழுகுகிறதா, சாப்பிடும்போது புரையேறுகிறதா என்றும் பாருங்கள். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று இவற்றைத் தள்ளிவிடுவதுதான் பெரும் தீங்கு. புரையேறுதல் நிமோனியாவில் முடியலாம், தடுமாற்றம் இடுப்பெலும்பு முறிவில் முடியலாம்.

பிற மருந்துச் சீட்டுகளையும் தவறாமல் கொண்டுசெல்லுங்கள். தலைசுற்றலுக்குத் தரப்படும் புரோகுளோர்பெரசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு ஆகியவையும் டோபமினை அடைப்பவையே என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. விறைப்பைக் குறைக்கத் தரப்படும் டிரைஹெக்ஸிபெனிடில் முதியவருக்கு மனக்குழப்பத்தையும் மலச்சிக்கலையும் உண்டாக்கக்கூடும் என்பதால், அதைச் சேர்ப்பதற்கு முன் மனநோய் மருந்தின் அளவைக் குறைக்க இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மறதிநோய் உள்ளவராயின் கேள்வி இன்னும் கூர்மையாக வேண்டும். அத்தகைய முதியவர்களிடம் இம்மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ரிஸ்பெரிடோன் போன்ற புதியவை குறித்து 2005இலும், ஹாலோபெரிடால் போன்ற பழையவை குறித்து 2008இலும் எச்சரித்தது. மறதியோடு இல்லாத உருவங்கள் தெரிவதும் உடல் விறைப்பும் சேர்ந்து வரக்கூடிய லூயி உடல் மறதிநோயில் சிறு அளவே கடும் விறைப்பைத் தரலாம். இல்லாத உருவங்கள் தெரிவதாக அவர் சொல்லியிருந்தால் அதை மறைக்காமல் கூறுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் எத்தனை வாரங்களில் மறுபரிசீலனை என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.