ஊர்க் குளத்தை மீட்கச் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு குளம் தூர்ந்துபோனால், அதை நம்பியிருக்கும் ஏலாவும் (வயல்வெளியும்) ஊர்க் கிணறுகளும் சேர்ந்தே வறள்கின்றன. இதற்காகக் குரல் கொடுக்க விரும்பும் புதியவர்கள், குளங்களைக் காப்போம் என்று பொதுவாக எழுதாமல், ஒரே ஒரு குளத்தையும் அதற்கான ஒரே ஒரு கோரிக்கையையும் முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். அக்குளம் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளதா, ஊராட்சியின் பொறுப்பில் உள்ளதா என்பதையும் அப்போதே உறுதிசெய்யுங்கள். இதை அறியாமல் எழுப்பும் கோரிக்கை ஒவ்வோர் அலுவலகமாகத் தட்டிக்கழிக்கப்படும்.

அடுத்து ஆவணம் திரட்டுங்கள். என் கருத்தில், மொத்த உழைப்பில் பாதிக்கு மேல் இதற்கே உரியது. கிராம நிர்வாக அலுவலரிடம் குளத்தின் புல எண்ணை (சர்வே எண்ணை) கேட்டறிந்து, அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டு விவரத்தை (நிலத்தின் வகையும் பரப்பும் பதிவான அரசுக் கணக்கை) பெற்று, அதிலுள்ள பரப்பை இன்றைய நிலையோடு ஒப்பிடுங்கள். கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, எவ்வளவு செலவானது என்பவற்றை, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்.

கரை, மடை, மறுகால் (உபரிநீர் வெளியேறும் வழி) ஆகியவற்றை, இடமும் நேரமும் படத்திலேயே பதியும் கேமரா செயலியால் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும்; எனவே டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பதிவைச் சுருக்கமாக எழுதி, புல எண்ணையும் கோரிக்கையையும் முதல் இரண்டு வரிகளிலேயே சொல்லிவிடுங்கள். யார் ஆக்கிரமித்தார் என்று பெயர் குறிப்பிடாதீர்கள், சாதியையோ மதத்தையோ இழுக்காதீர்கள். இன்ன புல எண்ணில் மண் கொட்டப்பட்டுள்ளது என்ற அளவில் நின்றால்தான், ஊர்ப்பகையாக மாறாமல் அது குளத்தின் பிரச்சினையாகவே நீடிக்கும்.

வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஃபேஸ்புக்கில் பகிர்வது பெரிய உதவிதான். ஆனாலும் மனுவில் கையெழுத்திட வேண்டியவர்கள் ஏலாவில் பயிர் செய்பவர்களே என்பதால், அவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் குரல்பதிவாகவும் செய்தியைச் சொல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் நடைபெறும் கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே அழைப்பு விடுத்து, கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றச் செய்யுங்கள்.

தீர்மான நகலையும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை அளிக்கும் மனுவின் ரசீதையும் கைபேசி எண்களை மறைத்து அதே பதிவின்கீழ் வெளியிடுங்கள். தகவல் கேட்டு 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்து, அதையும் அங்கேயே பதிவுசெய்யுங்கள்.