மின்சாரத்தையும் தொலைபேசியையும் விற்கும்போது நாடுகள் செய்த தவறுகள்: ஆர்மீனியா முதல் எஸ்டோனியா வரை

ஆர்மீனியா 1998-ல் தன் தொலைபேசி நிறுவனமான ஆர்மென்டெல்லின் 90 சதவீதப் பங்குகளைக் கிரேக்கத்தின் ஓடிஇ நிறுவனத்துக்கு விற்றது. விலை சுமார் 14 கோடி டாலர். அதோடு ஒரு உரிமையும் சேர்ந்து போனது: அடுத்த 15 ஆண்டுகளுக்கு அந்த நாட்டில் வேறு யாரும் தொலைபேசி நடத்தக் கூடாது, செல்பேசியும் வெளிநாட்டு இணைப்பும் உட்பட. சோவியத் பாணிப் பொருளாதாரத்தில் இருந்து சந்தைக்கு மாறிய நாடுகள் மின்சாரம், தொலைபேசி, ரயில் போன்றவற்றைத் தனியாருக்குக் கொடுத்தபோது செய்த தவறுகளில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான், ஏனென்றால் இது தெரியாமல் நடந்த தவறு இல்லை.

கஜானா காலியாக இருக்கும் அரசுக்கு ஏகபோகத்தையும் சேர்த்து விற்கும் ஆசை வருவது இயல்பு. போட்டியே வராது என்று எழுதிக் கொடுத்தால் வாங்குபவர் கூடுதலாகத் தருவார். அந்தக் கூடுதல் பணம் எங்கிருந்து வருகிறது? அடுத்த பதினைந்து வருஷம் மக்கள் போன் பில்லில் கட்டப்போகும் பணத்தைத்தான் அரசு இன்றைக்கே முன்பணமாக வாங்கிக்கொள்கிறது. செல்பேசி உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்த வருஷங்களில் ஆர்மீனியாவில் ஒரே ஒரு கம்பெனிதான் இருந்தது, இணைப்பு கிடைப்பதே பெரும்பாடு, மென்பொருள் எழுதிப் பிழைக்க நினைத்தவர்களுக்கும் வெளிநாட்டு இணைய வழி அதே கம்பெனியின் கையில்தான். கடைசியில் அரசு தான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தோடு தானே மல்லுக்கட்டி, நடுவர் மன்றம் வரை போய், 2004-ல் சமரசம் செய்து இரண்டாவது செல்பேசி உரிமம் கொடுத்தது. 2005-ல் அந்த உரிமத்தோடு விவாசெல் என்ற கம்பெனி வந்த பிறகுதான் சாதாரண ஆட்களின் கைக்குப் போன் வந்தது. 2006-ல் ஓடிஇ தன் பங்கை ரஷ்யாவின் விம்பெல்காமுக்கு சுமார் 34 கோடி யூரோவுக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது.

லாட்வியா இன்னும் ஒரு படி மேலே போய் 1994-ல் நிலைவழித் தொலைபேசிக்கு 2013 வரை ஏகபோகம் கொடுத்தது. பிறகு உலக வர்த்தக அமைப்பில் சேரும்போது 2003-லேயே சந்தையைத் திறப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது, முதலீட்டாளர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். பக்கத்து எஸ்டோனியா 2000 கடைசி வரை மட்டும் கொடுத்தது, அந்தக் காலத்துக்குள் வலைப்பின்னலைப் புதுப்பித்தாக வேண்டும் என்ற கடமையோடு. ஆக, குறுகிய கால ஏகபோகம் எல்லாமே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனை வருஷம், எதற்குப் பதிலாக, எந்தெந்தச் சேவைக்கு என்ற மூன்று கேள்விக்கும் ஒப்பந்தத்திலேயே பதில் இருக்க வேண்டும். இன்னும் பிறக்காத தொழில்நுட்பத்தையும் சேர்த்து எழுதிக் கொடுப்பது பெரிய தவறு.

அடுத்தது, பணம் வசூலாகாத வலைப்பின்னலை அப்படியே தூக்கித் தனியாரிடம் கொடுத்துவிட்டு, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பது. ஜார்ஜியா இதைச் செய்தது. தலைநகர் திபிலிசியின் மின் பகிர்மான நிறுவனமான தெலாசியை 1998 கடைசியில் அமெரிக்காவின் ஏஇஎஸ் வாங்கியது. மின்சாரத்துக்குக் காசு கட்டும் பழக்கமே அற்றுப்போயிருந்த நகரம், பல வீடுகளில் மீட்டர் கிடையாது, கொக்கி போட்டு இழுப்பது சகஜம். கம்பெனி மீட்டர் வைத்தது, கட்டாதவர்களின் ஃபியூஸைப் பிடுங்கியது. மக்கள் கொதித்தார்கள், அதில் நியாயமும் இருந்தது, வருமானம் இல்லாதவர்களுக்கு எந்த உதவியும் தயாராக இல்லை. அதைவிட மோசம், உற்பத்தி ஆகும் மின்சாரம் யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் சுவிட்ச் அரசு தரப்பிடமே இருந்தது, செல்வாக்கு உள்ளவர்கள் கட்டாமலேயே வாங்கிக்கொண்டார்கள். ஏஇஎஸ் 2003-ல் பெரும் நஷ்டத்தோடு ரஷ்யாவின் ஆர்ஏஓ யுஇஎஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது.

இங்கே மறுபடியும் ஆர்மீனியாவைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தொலைபேசியில் சொதப்பிய அதே நாடு மின்சாரத்தில் வரிசையைச் சரியாகப் பிடித்தது. 90-களின் தொடக்கத்தில் அங்கே நாளுக்கு ஓரிரு மணி நேரம்தான் கரண்ட். 1995-ல் மெட்சமோர் அணு உலையை மறுபடி ஓட்டினார்கள், 1997-ல் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் அமைத்தார்கள், மீட்டர்களை வீட்டுக்குள்ளிருந்து வெளியே எல்லோர் கண்ணிலும் படும் இடத்துக்கு மாற்றினார்கள், லைன்மேன் கையில் காசு கொடுக்கும் வழக்கத்தை ஒழித்துத் தபால் நிலையத்தில் கட்ட வைத்தார்கள். இவ்வளவும் நிறுவனம் அரசிடம் இருக்கும்போதே நடந்தது! பகிர்மானத்தை விற்றது 2002-ல்தான். யாருக்கு விற்றார்கள் என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை, அதிகம் பேர் கேள்விப்படாத, வெளிநாட்டுத் தீவு ஒன்றில் பதிவான கம்பெனி அது. ஆனாலும் விளக்கு எரிந்தது.

ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒரு பலகை மாட்டினால் போதும் என்று நினைப்பதும் தவறு. அல்பேனியா 2009-ல் மின் பகிர்மானத்தின் 76 சதவீதத்தைச் செக் நாட்டின் மின் நிறுவனமான சிஇஇசட்டுக்கு 10.2 கோடி யூரோவுக்கு விற்றது. மின் திருட்டும் கசிவும் மிக அதிகம். அரசு உற்பத்தி நிறுவனத்திடம் என்ன விலைக்கு வாங்குவது, நஷ்டத்தில் எவ்வளவைக் கட்டணத்தில் ஏற்றலாம் என்பதில் எல்லாம் முட்டல். 2013 ஜனவரியில் உரிமமே ரத்து. மறுவருஷம் அரசு, விற்று வாங்கிய தொகைக்கு நெருக்கமான பணத்தைத் தவணையாகத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. கம்பெனியும் தவறு செய்தது, அரசும் செய்தது, ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கணக்குப் பார்த்துச் சொல்ல, இரண்டு பேரும் மதிக்கும் ஆள் இல்லை என்பதுதான் என் பார்வையில் பெரிய ஓட்டை.

ஹங்கேரியும் போலந்தும் வேறு மாதிரி மாட்டிக்கொண்டன. 90-களில் மின் நிலையங்களுக்கு முதலீடு வர வேண்டும் என்று, அரசு நிறுவனம் நீண்ட காலத்துக்கு மின்சாரத்தை வாங்கியே தீரும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு சந்தையைத் திறந்தபோது, போட்டிக்கு மின்சாரமே மிச்சம் இல்லை, பெரும்பகுதி ஏற்கனவே இந்த ஒப்பந்தங்களில் கட்டுண்டு கிடந்தது. ஐரோப்பிய ஆணையம் போலந்து விஷயத்தில் 2007-லும் ஹங்கேரி விஷயத்தில் 2008-லும் இவை சட்டவிரோத அரசு உதவி என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது.

அப்புறம், தொலைபேசியில் பலித்ததை ரயிலுக்கும் நகல் எடுப்பது. செல்பேசி வந்ததால் பழைய கம்பியைத் தொடாமலேயே போட்டி வர முடிந்தது, தண்டவாளத்துக்கு அப்படி மாற்று கிடையாது. எஸ்டோனியா 2001-ல் ரயில் நிறுவனத்தின் 66 சதவீதத்தைத் தண்டவாளத்தோடு சேர்த்து விற்றது. பாதையும் வண்டியும் ஒரே கையில் இருக்க, மற்ற சரக்கு நிறுவனங்களிடம் பாதைக்கு என்ன வாடகை வாங்கலாம் என்பதில் தீராத தகராறு. 2007 ஜனவரியில் அரசே 235 கோடி குரூன் (எஸ்டோனியாவின் அப்போதைய நாணயம்) கொடுத்துத் திரும்ப வாங்கியது.

கடைசியாக, தனியார் வந்தால் விலை குறையும் என்று மக்களுக்கு வாக்குக் கொடுப்பது. தொலைபேசியில் குறையலாம். மின்சாரத்தில் பெரும்பாலும் ஏறும், ஏனென்றால் பழைய கட்டணம் செலவையே ஈடுகட்டாமல் இருந்தது. இதை முன்கூட்டியே சொல்லி, ஏழை வீடுகளுக்கு நேரடியாகப் பணமோ குறைந்தபட்ச மலிவு யூனிட்டோ ஏற்பாடு செய்யாவிட்டால் கோபம் தெருவுக்கு வரும். பல்கேரியாவில் 2013 பிப்ரவரியில் குளிர்கால மின் பில்லுக்கு எதிராகக் கிளம்பிய கூட்டம் பிரதமர் போரிசோவின் அரசையே ராஜினாமா செய்ய வைத்தது. 2015-ல் ஆர்மீனிய ஆணையம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 திராம் (அந்நாட்டு நாணயம்) ஏற்ற அனுமதித்ததும் தலைநகர் யெரெவானின் பக்ராம்யான் சாலையில் இளைஞர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய், பிறகு எங்களிடம் கேள் என்றார்கள். தணிக்கை முடியும் வரை உயர்வை அரசே ஏற்கும் என்று அதிபர் அறிவித்தார், அந்த வருஷமே நிறுவனம் வேறு கைக்கு மாறியது.