டபள் கெப்பில் டயர் காற்று விளக்கு: ரீசெட் செய்வதற்கு முன்னும் பின்னும்

மழை விட்ட காலையில் கெப்பை ஸ்டார்ட் பண்ணினால் சிலநேரம் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். டயரைக் குறுக்கே வெட்டிய மாதிரி ஒரு வளைவு, அதன் நடுவில் ஆச்சரியக்குறி. டயர் காற்றைக் கண்காணிக்கும் அமைப்பின் விளக்கு அது. ‘டிபிஎம்எஸ்’ என்பார்கள். இதைக் கண்டதும் பலரும் தேடுவது அணைக்கும் வழியைத்தான்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். ரீசெட் பொத்தானை அழுத்தும்போது, “இப்போது டயரில் இருக்கிற காற்றுதான் சரியான அளவு” என்று வாகனத்துக்கு நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். காற்றிறங்கிய டயரோடு அழுத்தினால் அந்தக் குறைந்த அளவையே அது சரியென்று எடுத்துக்கொள்ளும். பிறகு டயர் இன்னும் இறங்கினாலும் உரிய நேரத்தில் எச்சரிக்காது. ஆகவே ரீசெட் கடைசி வேலை.

1. விளக்கு எப்படி எரிகிறது என்று பாருங்கள்

சாவியைத் திறந்ததும் சில விநாடி எரிந்து அணைந்தால் அது வழமை. அணையாமல் நின்றால் ஏதோ ஒரு டயரில் காற்றுக் குறைவு. ஒன்று, ஒன்றரை நிமிடம் மின்னிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் கோளாறு அமைப்பிலேயே இருக்கிறது; அதற்கு 5ஆவது படியைப் பாருங்கள். சாவி திறக்கும்போதுகூட இந்த விளக்கு தெரியாவிட்டால் உங்கள் கெப்பில் இது பூட்டப்படாமலே இருக்கலாம்.

2. டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளவுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். வாகனம் 3 மணித்தியாலமாவது நின்றிருக்க வேண்டும். விடியற்காலையில், வட்டைக்கு வெளிக்கிடுவதற்கு முன் பார்ப்பது நல்லது. வெப்பநிலை 5, 6 பாகை செல்சியஸ் மாறினாலே காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அலகு) மாறிவிடும். வெயிலில் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஓடி வந்த டயர் 4, 5 பி.எஸ்.ஐ. கூடக் காட்டலாம். “காற்று கூடிப்போச்சு” என்று அப்போது திறந்துவிட்டால் மறுநாள் காலையில் விளக்கு எரியத்தான் செய்யும்.

எவ்வளவு காற்று வேண்டும்? சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு ஒன்று, பின் டயருக்கு ஒன்று என்றும், சுமை இல்லாதபோது, சுமை ஏற்றும்போது என்றும் அளவுகள் பிரித்துப் போட்டிருப்பார்கள். டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது உச்ச அளவு, அதை எடுக்க வேண்டாம். ஸ்டிக்கரில் கிலோபாஸ்கல் மட்டும் இருந்தால், 220 கிலோபாஸ்கல் ஏறக்குறைய 32 பி.எஸ்.ஐ. என்று கணக்கு வையுங்கள்.

காற்றை அளக்கும் கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வால்வு மூடியைக் கழற்றி, கேஜை நேராக வைத்து அழுத்துங்கள். ‘உஸ்’ சத்தம் உடனே நிற்க வேண்டும். சத்தம் தொடர்ந்தால் கேஜ் சரியாக உட்காரவில்லை, அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள். மூடியைத் திருப்பிப் போடும்போது பிளாஸ்டிக் மூடியே போடுங்கள். சில வாகனங்களில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சர் சில்லுக்குள்ளேயே இருக்கும்; அந்தச் சில்லுகளில் வால்வுத் தண்டு பெரும்பாலும் அலுமினியம். கல்லடி, காத்தான்குடி, நிந்தவூர் பக்கத்து உப்புக்காற்றில் பித்தளை மூடி அதோடு அரித்து ஒட்டிக்கொள்ளும். பலவந்தமாகத் திருகினால் தண்டே முறியும், சென்சரும் போய்விடும்.

ஒரு டயர் மட்டும் மற்ற மூன்றையும்விட நன்றாகக் குறைந்திருந்தால் ஆணியோ முள்ளோ ஏறியிருக்கும். சவர்க்காரத் தண்ணி ஊற்றி, காற்றுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஓட்டையை அடைக்காமல் ரீசெட் பண்ண வேண்டாம். ஸ்பெயார் டயரையும் அளவுங்கள். சில வாகனங்களில் அதற்குள்ளும் சென்சர் உண்டு.

விளக்கு எரியாதவரை காற்று சரியாக இருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் புதிய இலகு வாகனங்களுக்கெல்லாம் இதைக் கட்டாயமாக்கினார்கள். அங்குள்ள விதிப்படி, குறித்த அளவிலிருந்து 25 வீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். அதாவது 32 இருக்க வேண்டிய டயர் 24க்கு இறங்கும்வரை விளக்கு பேசாமல் இருக்கலாம். நெல் மூட்டை ஏற்றிய கெப்புக்கு 24 மிக ஆபத்தான அளவு. டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும், ஓட்டத்திலேயே வெடிக்கவும் கூடும்.

3. ரீசெட்

வாகனத்தை நிறுத்தி வையுங்கள். என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ‘ஒன்’ நிலைக்குத் திருப்புங்கள். டொயோட்டா வாகனங்கள் பலவற்றில் ஸ்டியரிங்கின் கீழ் அல்லது டாஷ்போர்ட் பெட்டிக்குள் டயர் குறியோடு ஒரு சிறிய பொத்தான் இருக்கும். மஞ்சள் விளக்கு மெதுவாக மூன்று தரம் மின்னும்வரை அதை அழுத்திப் பிடியுங்கள். பொத்தான் இல்லாத புதிய மாடல்களில் மீட்டரின் மெனுவுக்குள் வாகன அமைப்புகள் என்ற பகுதியில் தேடுங்கள். இரண்டும் இல்லாத வாகனங்களும் உண்டு. அவற்றில் சரியான காற்றை அடித்துக் கொஞ்சத் தூரம் ஓடினாலே விளக்கு தானாக அணையும்.

4. ஓட்டிப் பழக்குங்கள்

சில்லுக்குள் சென்சர் இல்லாமல், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகிவிடாமல் தடுக்கும் அமைப்பு) சென்சர் மூலம் சில்லு சுற்றும் வேகத்தை வைத்துக் கணிக்கும் அமைப்புக்கு இந்த ஓட்டம் முக்கியம். காற்றிறங்கிய டயரின் சுற்றளவு சற்றுக் குறைவதால் அது கூடுதலாகச் சுற்றும். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. நான்கும் ஒரேயளவாக இறங்கினால் இதற்குப் பிடிபடாமல் போகலாம். காத்தான்குடி நெரிசலும் வயல்கரைக் கிறவல் றோட்டும் இதற்குச் சரிவராது. அக்கரைப்பற்றைத் தாண்டிப் பொத்துவில் பக்கமாக, ஏ4 வீதியில் ஒரே சீரான வேகத்தில் அரை மணித்தியாலம் ஓடுங்கள்.

சுமைக்காகக் காற்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் ரீசெட் பொத்தான் உள்ள வாகனத்தில் மறுபடி அழுத்த வேண்டும். கடற்கரை மணலுக்குள் இறங்கக் காற்றைக் குறைத்திருந்தால் மட்டும் அழுத்தாதீர்கள். தார் றோட்டுக்கு ஏறியதும் காற்றை அடித்துவிடுங்கள்.

5. விளக்கு மின்னினால்

சென்சருக்குள் இருக்கும் பற்றரி 5 முதல் 10 வருடம் வரும். பெரும்பாலும் அதைத் தனியாக மாற்ற முடியாது, சென்சரையே மாற்ற வேண்டும். டயர் கழற்றப் போகும் கடையில், மெசினில் ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: “தம்பி, வால்வடியில உள்ளுக்க சென்சர் கிடக்கு, பாத்துக் கழட்டுங்க.” டயரை விளிம்பிலிருந்து நெம்பும் கம்பி அதில் பட்டால் உடைந்துவிடும்.

ஒவ்வொரு சென்சருக்கும் தனி இலக்கம் உண்டு. புதியதை வாகனத்தில் பதிய வேண்டும். ஃபோர்ட், செவர்லே பிக்கப் மாடல்கள் பலவற்றில் இடது முன், வலது முன், வலது பின், இடது பின் என்ற ஒழுங்கில் சிறிய கருவியை வால்வருகே பிடித்துப் பதிவார்கள். ஒவ்வொன்றும் பதிந்ததும் ஹோர்ன் ஒருதரம் அடிக்கும். முடிந்ததும் மீட்டரில் காட்டும் நான்கு எண்களையும் உங்கள் கேஜோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னும் பின்னும் மாறியிருந்தால் கடையை விட்டு வெளிக்கிட முன்பே மறுபடி பதியச் சொல்லுங்கள்.